ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதா? மாற்றுச் சொல் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் திருத்தித் தருவது என் வேலை. கதை எழுதுபவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கட்டுரைப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பெற்றோர் என்று பலரும் கேட்பது ஒன்றுதான்: "இந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறு நல்ல சொல் இருக்கா?" அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு சொல்லுக்கு அப்படியே சமமான இன்னொரு சொல் உண்டா?

அநேகமாக இல்லை. அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சொற்கள்கூட வாக்கியத்துக்குள் வந்ததும் பிரிந்துவிடும். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றைக் கேட்கும்போது வரும் சொற்கள்தான். ஆனால் தாழ்ந்த நிலையில் இருப்பவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ‘ஈ’, சமமானவரிடம் கேட்டால் ‘தா’, உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் ‘கொடு’ என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. அதே நூல் இன்னோர் இடத்தில், ‘தா’ தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, ‘கொடு’ படர்க்கைக்கு உரியது என்கிறது. "எனக்குத் தா, அவனுக்குக் கொடு" என்று நம்மில் பலர் இன்றும் யோசிக்காமலே சொல்கிறோமே, அதுதான்.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றச் சொல்வேன். ‘இதைவிட அழகான சொல் எது?’ என்று தேடினால் அலங்காரம்தான் கிடைக்கும். ‘அங்கே நடந்தது சரியாக என்ன?’ என்று கேட்டுக்கொண்டால் சொல் தானாக வந்து நிற்கும்.

கதையில் ‘சொன்னான்’, ‘சொன்னாள்’ பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது. என்ன செய்வது?

முதலில் பாதியை எடுத்துவிடுங்கள். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடத்தில், "வாங்க மாமா", "போடா" என்ற விளியிலேயே பேசுவது யார் என்று தெரிந்துவிடும்.

மீதியை மாற்றும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். ‘சொன்னாள்’ என்பதை ‘வினவினாள்’, ‘இயம்பினாள்’, ‘உரைத்தாள்’ என்று ஆக்குகிறார்கள். "காபி போடட்டுமா?" என்று எந்த வீட்டிலும் யாரும் வினவுவதில்லை. பேச்சின் தன்மையை வைத்துத் தேடுங்கள். தயங்கிப் பேசினால் இழுத்தான். வாய்க்குள்ளேயே பேசினால் முணுமுணுத்தான். நேரான பதில் சொல்லாமல் தப்பித்தால் மழுப்பினான். மூச்சுவிடாமல் திட்டினால் பொரிந்து தள்ளினான். மனப்பாடமாக வந்தால் ஒப்பித்தான். பெருமை அடித்தால் பீற்றிக்கொண்டான். அதட்டினான், புலம்பினான், உளறினான், குத்திக் காட்டினான் எல்லாம் நாம் தினமும் புழங்கும் சொற்கள்தான்.

ஆனால் தமிழில் இதைவிடப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. வினையை மாற்றவே வேண்டாம், பக்கத்தில் ஒரு துணைவினையைச் சேர்த்தால் போதும். இந்த வரியைப் பாருங்கள்:

"கடன் வாங்க வேண்டாம் என்று அப்பா சொன்னார்."

இதையே ‘சொல்லிப் பார்த்தார்’ என்று எழுதினால், மகன் கேட்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. தனியாக ஒரு வாக்கியம் மிச்சம். ‘சொல்லிவிட்டார்’ என்றால் பேச்சு முடிந்தது, இனி மாற்றம் இல்லை. ‘சொல்லிவைத்தார்’ என்றால் பின்னால் உதவும் என்று முன்கூட்டியே சொன்ன சொல். ‘சொல்லிக் காட்டினார்’ என்றால் பழைய கதை ஒன்று கிளறப்படுகிறது, கேட்பவருக்கு வலிக்கிறது. ‘சொல்லித் தொலைத்தார்’ என்றால் கதை சொல்பவருக்கே எரிச்சல். ‘சொல்லியனுப்பினார்’ என்றால் அப்பா அந்த இடத்தில் இல்லவே இல்லை. ‘சொல்லிக்கொண்டு கிளம்பினார்’ என்றால் விடைபெற்றுப் போனார். அடிச்சொல் எல்லாவற்றிலும் ‘சொல்’தான். திரும்ப வருவது வாசகரின் கண்ணில் படுவதே இல்லை. மாற்றுச் சொல் பட்டியல் எதிலும் இவை இருக்காது, ஆனால் நம் பேச்சில் பாதி இவற்றால்தான் நடக்கிறது. எழுதுபவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இது என்பது என் உறுதியான கருத்து.

‘செய்தாள்’, ‘பண்ணினான்’ என்பதற்கு?

‘செய்’ பொதுச் சொல். எந்த வேலை என்று தெரியாதபோது அது உதவும். தெரிந்த பிறகும் அதையே எழுதிக்கொண்டிருந்தால் வரி சப்பென்று ஆகிவிடும்.

சமையலறையைப் பாருங்கள். "அம்மா முறுக்கு செய்தாள், லட்டு செய்தாள், கஞ்சி செய்தாள்" என்று ஒரு சிறுகதையில் படித்தேன். முறுக்கைப் பிழிவார்கள். லட்டைப் பிடிப்பார்கள். கஞ்சியைக் காய்ச்சுவார்கள். உப்புமாவைக் கிண்டுவார்கள், அல்வாவையும் அப்படியே. கீரையைக் கடைவார்கள், துவையலை அரைப்பார்கள், வடையைத் தட்டிப் போடுவார்கள், அப்பளத்தைப் பொரிப்பார்கள் அல்லது சுடுவார்கள், இடியாப்பத்தைப் பிழிந்து அவிப்பார்கள். தோசையை ஒரு வீட்டில் வார்ப்பார்கள், இன்னொரு வீட்டில் சுடுவார்கள், மற்றொரு வீட்டில் ஊற்றுவார்கள். எந்தச் சொல்லைப் போடுகிறீர்கள் என்பதிலேயே அந்தக் குடும்பம் எது என்று ஓரளவு தெரிந்துவிடும். இந்த வினைகள் ஒவ்வொன்றிலும் கையின் அசைவு இருக்கிறது. ‘பிழிந்தாள்’ என்றதும் முறுக்கு உழக்கும் வலிக்கிற மணிக்கட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. ‘செய்தாள்’ என்றால் ஒன்றும் தெரிவதில்லை.

மற்ற தொழில்களும் இப்படித்தான். பானையை வனைவார்கள், கூடையை முடைவார்கள், கூரையை வேய்வார்கள், துணியை நெய்வார்கள், பலகையை இழைப்பார்கள். அந்தந்தத் தொழிலில் இருப்பவரிடம் கொஞ்ச நேரம் பேசினால் அகராதியில் கிடைப்பதைவிட நிறையக் கிடைக்கும்.

‘ரொம்ப’, ‘மிகவும்’ இரண்டையும் விட முடியவில்லையே?

இந்தத் தேவை பழையது. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதியைக் காட்டும் ஆறு உரிச்சொற்களை நன்னூல் அடுக்குகிறது. ‘சாலச் சிறந்தது’ இன்னும் மேடையில் உயிரோடு இருக்கிறது. மற்றவை இன்றைய உரைநடையில் தனித்து நிற்க மாட்டா. ‘நனி நன்று’ என்று எழுதினால் வாசகர் பொருளை விட்டுவிட்டுச் சொல்லைத்தான் பார்ப்பார்.

இன்று பலன் தருவது வேறு வழி. தமிழில் பல பெயர்ச்சொற்கள் தங்களுக்கென்று ஒரு மிகுதிச் சொல்லை வைத்திருக்கின்றன. இருட்டு என்றால் கும்மிருட்டு. பொய் என்றால் பச்சைப் பொய். ஆசையும் அழகும் கொள்ளை. முட்டாள் என்றால் அடிமுட்டாள் அல்லது வடிகட்டின முட்டாள். மோசம் என்றால் படுமோசம். நிறங்கள் தங்களையே இரட்டித்துக்கொள்ளும்: செக்கச்செவேல், கன்னங்கரேல், பச்சைப்பசேல், வெள்ளைவெளேர். இந்த இணைகள் கைவசம் இருந்தால் ‘ரொம்ப’ தானாகக் குறைந்துவிடும்.

சில நேரம் பெயர்ச்சொல்லையே மாற்றிவிடலாம். ‘ரொம்ப மழை’ என்பதற்கு, நாள்கணக்கில் விடாமல் பெய்தால் அடைமழை. லேசாக விழுந்தால் தூறல். காற்றில் சாய்ந்து முகத்தில் அடித்தால் சாரல். ‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்கிறோமே, அந்தத் தூவானம் மழை ஓய்ந்த பிறகும் மிச்சமாகத் தூவுவது.

ஓர் எச்சரிக்கை. வானிலை அறிக்கையில் வரும் கனமழை, மிகக் கனமழை, அதிகனமழை மூன்றும் வருணனை அல்ல, அளவுகள். இந்திய வானிலை ஆய்வுத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே போனால் அதிகனமழை. செய்தி எழுதுபவர் ‘மிக’ அலுத்துவிட்டது என்று ‘பேய்மழை’ என்று மாற்றினால் தகவலே மாறிவிடும்.

‘பார்த்தான்’?

‘சொன்னான்’ மாதிரியேதான். எப்படிப் பார்த்தான் என்று கேளுங்கள்: முறைத்தான், வெறித்தான், எட்டிப் பார்த்தான், ஏறிட்டுப் பார்த்தான், நோட்டம் விட்டான். ‘ஏறிட்டு’ என்றால் அதுவரை தலை குனிந்திருந்தான் என்பதும் சேர்ந்து வருகிறது. ‘நோட்டம்’ என்றால் உள்ளே ஏதோ திட்டம் இருக்கிறது. இவை எதுவும் பொருந்தாவிட்டால் ‘பார்த்தான்’ என்றே இருக்கட்டும்.

‘அழகு’, ‘நல்ல’ என்று எழுதி எழுதி அலுத்துவிட்டது.

எழில், கவின், வனப்பு என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. கவிதைக்கும் பெயர் வைப்பதற்கும் அவை சரி. கதைக்கும் கட்டுரைக்கும் வீட்டுப் பேச்சில் இருக்கும் சொற்களைப் பாருங்கள். முகத்தில் களை இருக்கிறது. மூக்கும் முழியுமாக இருக்கிறாள். மருமகள் லட்சணமாக இருக்கிறாள். சேலை பாந்தமாக இருக்கிறது. தையல் நேர்த்தியாக இருக்கிறது. வீடு அடக்கமாக இருக்கிறது. இவை இடம் மாறாது: களை முகத்துக்கு, நேர்த்தி கைவேலைக்கு. ‘நேர்த்தியான முகம்’ என்றால் நெருடுகிறது பாருங்கள், அந்த நெருடல்தான் வழிகாட்டி.

‘நல்ல’ என்பதை எடுத்துவிட்டு, எதனால் நல்லது என்று எழுதுவது மேல். ‘நல்ல மருத்துவர்’ கைராசிக்காரராக இருக்கலாம், பொறுமையாகக் கேட்பவராக இருக்கலாம், பணம் பிடுங்காதவராக இருக்கலாம். மூன்றும் மூன்று மனிதர்கள்.

கோபம், சந்தோஷம் போன்ற உணர்ச்சிகளுக்கு?

கோபத்தை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் சொல் கிடைக்கும். எரிச்சல் வந்து போய்விடும். ஆத்திரம் அந்த நேரத்தில் கண்ணை மறைக்கும். வெளியே காட்ட முடியாமல் உள்ளுக்குள் குமைவது பொருமல். நாள்கணக்கில் முகம் திருப்பிக்கொள்வது பிணக்கு. சமயம் பார்த்துக் காத்திருப்பது வன்மம். காதலர் நடுவே என்றால் ஊடல், அதில் அன்பும் கலந்திருக்கிறது. எதிராளி யார் என்பதையும் பார்க்க வேண்டும்: பெரியவர்களின் சினத்தை நாம் ‘கடுப்பு’ என்று எழுதுவதில்லை.

சந்தோஷத்தில் பூரிப்பு வேறு, நிம்மதி வேறு. பிள்ளை பட்டம் வாங்குவதைப் பார்க்கும் தாய்க்குப் பூரிப்பு. அந்தப் படிப்புக் கடன் அடைந்த அன்று நிம்மதி. கூட்டமாகச் சிரித்தால் குதூகலம். தன் உழைப்பு பலித்தால் பெருமிதம்.

அப்புறம், தமிழ் உணர்ச்சியை உடம்பில்தான் வைத்திருக்கிறது. வயிறு எரிந்தது, உச்சி குளிர்ந்தது, மனசு கனத்தது, கால் தரையில் பாவவில்லை, முகம் சுண்டிப்போனது. உணர்ச்சியின் பெயரைச் சொல்வதைவிட இவற்றில் ஒன்று பல இடங்களில் பொருத்தமாக இருக்கும்.

ஒருவர் ‘இறந்தார்’ என்பதை எப்படி எழுதுவது?

இங்கே கவனம் தேவை, துக்கத்தில் இருப்பவர்கள் படிப்பார்கள். குடும்பத்தார் தரும் அறிவிப்பில் ‘காலமானார்’, ‘மறைந்தார்’ சரியாக இருக்கும். சமயச் சொல் வேண்டாம் என்பவர்கள் ‘இயற்கை எய்தினார்’ என்று போடுவது வழக்கம். கிராமத்துப் பேச்சில் ‘தவறிட்டார்’ என்பார்கள், அந்தச் சொல்லில் மரியாதை உண்டு. விபத்துச் செய்தியில் ‘உயிரிழந்தார்’ போதும். ‘பலி’ என்ற தலைப்புச் சொல்லை என் கைக்கு வரும் பிரதிகளில் நான் மாற்றிவிடுவேன். ‘மாண்டனர்’, ‘மடிந்தனர்’ போருக்கும் பேரழிவுக்கும். மரம் சாவதில்லை, பட்டுப்போகிறது.

ஒரே சொல் திரும்ப வந்தால் தவறா?

இல்லை. இந்தப் பயம் பள்ளிக்கூடத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. முதல் வரியில் ‘மருத்துவமனை’, இரண்டாவதில் ‘ஆஸ்பத்திரி’, மூன்றாவதில் ‘சிகிச்சை மையம்’ என்று எழுதினால் மூன்று கட்டடங்கள் என்றுதான் தோன்றும். சமையல் குறிப்பு, மருந்துச் சீட்டு விளக்கம், ஒப்பந்தம், அறிவியல் கட்டுரை இவற்றில் ஒரு பொருளுக்கு ஒரே சொல்தான் வர வேண்டும்.

தமிழில் எழுவாயை விட்டுவிடவும் முடியும். ‘முருகன் வந்தான். சட்டையைக் கழற்றினான். தண்ணீர் கேட்டான்.’ இரண்டாம் மூன்றாம் வரிகளில் முருகனுக்கு மாற்றுப் பெயர் தேட வேண்டியதே இல்லை, விகுதி பார்த்துக்கொள்கிறது.

‘ஆய்வு மேற்கொண்டார்’ என்பது ‘ஆராய்ந்தார்’ என்பதைவிடத் தரமான நடையா?

இல்லை, நீளமான நடை. வினையைப் பெயராக்கி, பின்னால் ஒரு ‘மேற்கொள்’ போடும் பழக்கம் அலுவலகக் கடிதங்களிலிருந்து எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. பயணம் மேற்கொண்டார் என்றால் போனார். விசாரணை மேற்கொண்டார் என்றால் விசாரித்தார்.

சமஸ்கிருதச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் நீக்கித் தமிழ்ச் சொல் போட வேண்டுமா?

மறைமலை அடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் அதற்குப் பின் வந்த அரசியல் மேடைகளும் நமக்கு நிறையக் கொடுத்திருக்கின்றன. அக்கிராசனர் தலைவரானார், பிரசங்கம் சொற்பொழிவானது, நமஸ்காரம் வணக்கமானது, மகாஜனங்கள் மக்கள் ஆனார்கள். இன்று இவை யாருக்கும் மாற்றுச் சொல்லாகத் தெரியவில்லை. ஆகவே, புழக்கத்துக்கு வந்துவிட்ட தமிழ்ச் சொல் இருந்தால் அதையே எழுதுங்கள் என்பேன்.

ஆனால் பாத்திரத்தின் வாயில் வரும் பேச்சைத் தொடாதீர்கள். "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்று சொல்லும் பாட்டியை "மிக்க மகிழ்ச்சி" என்று பேச வைத்தால் பாட்டி போய்விடுவார். பஸ்ஸில் போகிறவர் பஸ்ஸிலேயே போகட்டும். போக்குவரத்து பற்றிய கட்டுரையில் பேருந்து ஓடட்டும்.

மாற்றுச் சொற்களை எந்த நூலில் தேடுவது?

தமிழில் இதற்கென்றே ஒரு நூல் வகை இருந்தது: நிகண்டு. கிடைத்திருப்பவற்றில் மூத்தது திவாகரம். தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள் வாரியாக 12 தொகுதிகள். பிறகு பிங்கலம். அதன் பிறகு மண்டல புருடர் விருத்தப்பாவில் பாடிய சூடாமணி நிகண்டு. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது இதைத்தான். வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) அகர வரிசைக்கு வந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என்று அதில் நான்கு பகுதிகள். ஒரு பொருளுக்கு என்னென்ன பெயர்கள் என்று பார்க்க அதன் பொருளகராதி உதவும்.

ஆனால் நிகண்டில் கிடைப்பது செய்யுளுக்கான சொல். இன்று எழுதுபவருக்கு நான் முதலில் சொல்வது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதல் பதிப்பு 1992, விரிவாக்கிய பதிப்புகள் 2008, 2020. சொல்லுக்குப் பொருள் மட்டுமல்ல, எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. பேச்சு வழக்கா, உயர் வழக்கா, அருகிவரும் வழக்கா, இலங்கை வழக்கா என்றும் குறிக்கிறது. மாற்றுச் சொல் தேடுபவருக்கு அந்தக் குறிப்புதான் உயிர். பழைய இலக்கியச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பிறகு அனுபந்தமும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள். இதையும் வின்ஸ்லோ, ஃபேப்ரீஷியஸ் அகராதிகளையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் காசில்லாமல் தேடலாம்.

செயலியிலோ இணையத்திலோ கிடைத்த பட்டியலை நம்பலாமா?

பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் உங்கள் வாக்கியத்தில் போட்டு வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் தெருவில் யாராவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால், எந்த வகை எழுத்தில் படித்தீர்கள்? இரண்டுக்கும் பதில் வராவிட்டால் அந்தச் சொல் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. ‘உணவு’ என்று தேடினால் ‘தீனி’யும் வரும், ‘ஆகாரம்’, ‘படையல்’, ‘பிரசாதம்’ எல்லாம் வரும். மாட்டுக்கு வைப்பது எது, சாமிக்கு வைப்பது எது என்று பட்டியல் சொல்லாது.

எங்கள் ஊர்ச் சொல்லைப் போட்டால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா?

தாராளமாகப் போடுங்கள், பக்கத்திலேயே ஒரு பிடி கொடுங்கள். கொங்குப் பக்கம் பண்டிகையை நோம்பி என்பார்கள். ‘நோம்பிக்குப் புதுத்துணி எடுக்க ஈரோடு போனோம்’ என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தெற்கே ‘பைய’ என்றால் மெதுவாக. ‘குழந்தை முழிச்சிரும், பையப் பேசு’ என்றால் புரியாதவர் யார்? யாழ்ப்பாணத்துக்காரர் பேசுவதில்லை, கதைக்கிறார். ‘இரவிரவாகக் கதைத்துக்கொண்டிருந்தோம்’ என்ற வரி சென்னையிலும் விளங்கும். அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதுவதும், கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல் வைப்பதும் இதற்கு வேண்டாம். ஒரே பத்தியில் இப்படி நான்கைந்து சொற்கள் சேர்ந்துவிட்டால் மட்டும் ஒன்றிரண்டைப் பொதுச் சொல்லாக மாற்றுங்கள். எதை விடுவது என்று குழம்பினால், பொதுத்தமிழில் சரியான இணை இல்லாத சொல்லை வைத்துக்கொண்டு, இணை உள்ளதை விட்டுவிடுங்கள்.